சுப்பையா காரு

பைக்கிலிருந்து விழுந்த கதிரேசன் அவசர சிகிச்சைப் பிரிவின் நான்காவது கட்டிலில் கிடக்கிறான். தலைக்கட்டின் ஓரத்தில் ரத்தம் ஊறி ஊறிப் பெரிதாகிறது. அவனுடைய ஆபீஸ் அடையாள அட்டையை, விளிம்பு உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிக்கொண்டு, "முருகா, முருகா" என்று முணுமுணுக்கிறாள் அவன் மனைவி தேனம்மை. திரைக்கு அப்பால் ஏதோ ஒரு மெஷின் விடாமல் கீச்சிடுகிறது. "சுப்பையா காரு?" என்று தெலுங்கில் மரியாதையாகக் கேட்டபடி ஊசியோடு நர்ஸ் வருகிறாள். தேனம்மை சட்டென்று ஆமாம் எனத் தலையை ஆட்டுகிறாள். சுப்பையா அவள் மாமனார். இனிஷியலை ஒப்புக்கொள்ளாத ஹைதராபாத்தில், பாரம்தோறும் சர்நேம் கட்டத்தில் அவர் பேரை எழுதி எழுதி, கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்குக்கூடக் கதிரேசன் சுப்பையாதான். ஊசிமுனை அவன் கைக்கு அருகில் வந்து நிற்கிறது. தேனம்மையின் முணுமுணுப்பைக் கேட்ட நர்ஸ் தமிழுக்கு மாறுகிறாள். "தமிழாம்மா நீங்க? இவர் பேரை முழுசாச் சொல்லுங்க. கேக்காமப் போடக்கூடாதுன்னு இப்ப ரூல்." "சுப்பையா கதிரேசன்." நர்ஸ் அவன் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பி, தன் சீட்டோடு வைத்துப் பார்க்கிறாள். முகம் வெளுக்கிறது. "ஐயோ, இது ஹார்ட் பேஷண்டுக்கு. ரத்தம் உறையாம இருக்கப் போடுறது." திரையை விலக்கிக்கொண்டு ஓடுகிறாள். அங்கே நெஞ்சைப் பிடித்தபடி ஒரு கிழவர், "நேனேம்மா சுப்பையா" என்று, நான்தான் என்பதாகக் கை தூக்குகிறார். தேனம்மை கணவனின் கையை இழுத்துத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொள்கிறாள். அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை.