புகை போன இடம்

நிலவறையின் பூஞ்சை வாடை எதற்கும் அசையவில்லை. தட்டுத் தட்டாக அடுப்புக்கரி வைத்தார்கள், கல்லுப்பு வைத்தார்கள், சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாடை ஏதோ வீட்டுக்காரர் போலவும் இவர்கள்தான் குடிவந்தவர்கள் போலவும் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசியில் தமயந்தி தூபக்காலில் தணலை அள்ளிப்போட்டுச் சாம்பிராணியைத் தூவினாள். புகை மேலே எழவில்லை. தரையோடு தவழ்ந்து போய், கிழக்குச் சுவரில் மயிரிழையாக ஓடிய விரிசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“இழுக்குது பாருங்க” என்றாள்.

“எங்க இழுக்கும்? அந்தப் பக்கம் வெறும் மண்ணுதானே” என்றான் அவள் கணவன் சற்குணம். இருந்தாலும் குனிந்து விரிசலில் கண்ணை வைத்தான்.

அப்போது சுவருக்குள் யாரோ தும்மினார்கள். சின்னத் தும்மல், பால் குடிக்கிற பிள்ளையின் தும்மல். தமயந்தி பகலெல்லாம் அங்கன்வாடிக் குழந்தைகளோடு இருப்பவள். பிள்ளை தும்மினால், நூறு வயது வாழட்டும் என்று வாய் தானாக வாழ்த்திவிடும். “நூறு” என்றாள். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று உறைத்தது. தூபக்கால் கையிலிருந்து நழுவித் தணல் தரையெல்லாம் சிதறியது. சற்குணம் சுவரை விட்டு நகரவில்லை, நகர முடியவில்லை. புகை மட்டும் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மறுபடியும் அந்தத் தும்மல்.

தமயந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வதுபோல், மெல்லச் சொன்னது: “இருநூறு.”