வெர்னின் ஸ்பாஞ்ச்

நாளெல்லாம் துலூத் நகரத்து ஆலையில் மீன் அறுத்துவிட்டு வரும் ஆர்லீனுக்கு, வீட்டு மீன் செத்தால் தாங்காது. அந்த வீட்டில் அவளைத் தவிர இருந்த உயிர் அவைதான். செடி வைத்த புது மீன்தொட்டியின் தண்ணீரோ எத்தனை முறை மாற்றியும் பால் கலந்ததுபோல் கலங்கியே கிடந்தது. விட்ட மீன்களெல்லாம் ஒவ்வொன்றாய் மல்லாந்தன.

"பகலெல்லாம் மீன அறுக்குற, வீட்டுக்கு வந்து மீனுக்கு அழுவுறியா?" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு டுவைன். "புதுத் தொட்டிக்கு இவ்ளோ சுத்தம் ஆகாது. பழைய அழுக்கு வேணும். அதுல இருக்குற கிருமிதான் தண்ணியத் தெளிய வைக்கும்."

கையோடு கொண்டுவந்த, வேறொரு மீன்தொட்டியின் தண்ணீரை வடிகட்டிய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள் பிழிந்தான். பழுப்புச் சாறு செடிகளின் மேல் படிந்தது.

"யாரு தொட்டியோடது?"

"உன் மாடி வீட்டு வெர்னோடது. செத்த மனுசன் சாமானத் தெருவுல போட்டிருந்தாங்க. பயப்படாத, அழுக்குக்கு ஆள் அடையாளமா தெரியும்?"

மறுநாளே தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆர்லீன் கடையிலிருந்து ஆறு நியான் மீன்கள் வாங்கி விட்டாள். அவளைக் கண்டதும் அவை செடிக்குள் ஒளிந்தன. புது மீன் அப்படித்தான்.

அவள் சாப்பிட உட்கார்ந்தபோது ஆறும் வெளியே வந்தன. வழக்கமாக இரை போடுகிறவரைக் கண்டதுபோல், வாசல் பக்கத்துக் கண்ணாடியில் முட்டி மோதின. வாசல் கதவு பூட்டியிருந்தது. பிறகு, யாரோ நடப்பதைப் பார்த்தபடி கூடவே வருவதுபோல், கண்ணாடியோரமாக மெல்ல நகர்ந்தன. கதவிலிருந்து அடுப்புப் பக்கம், அடுப்பிலிருந்து மேசைப் பக்கம். ஆர்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் நாற்காலிக்கு நேரே வந்ததும் ஆறும் நின்றன. நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பதுபோல் அவள் தலைக்கு மேலே பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடி, இரைக்காகக் காத்திருந்தன.