அசையாமல் இரண்டு மணி நேரம்

பதினான்கு மணி நேரமாகத் தணிகாசலம் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. கேட்ட மகளிடம் பசியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஜெர்மன் நகரமான டிரெஸ்டனுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. நேற்று மாலை, மகள் சிவசக்தி ஆய்வகத்திலிருந்து திரும்புவதற்குள் எதிர்வீட்டு அன்ரனிற்றா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கன்னத்து மருவையே உற்றுப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலமை கீறுறன் ஐயா. ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கோணும்.”

“இங்கேயேவா? ஆஸ்பத்திரி வேண்டாமா?”

“அங்கை ஏன்? இந்த வெளிச்சம் காணும்!” என்று சிரித்தாள். “வயசான ஆக்களை அந்தக் காலத்திலை ஒல்லாந்துக்காரர் கீறின மாதிரித்தான். என்ன, பிழைச்சால் திருத்த ஏலாது.”

பிழைத்தால்! உயிர் பிழைப்பதே சந்தேகமா? அறுவைக்கு முன் எதுவும் உள்ளே போகக் கூடாதென்று தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்தார்.

இரவு மகளிடம் மெல்ல ஆரம்பித்தார். “அந்த நர்ஸ் பொண்ணு நாளைக்கு…”

“தெரியும்பா. நான்தான் கேட்டுக்கிட்டேன். பயப்படாதீங்க, ஜஸ்ட் டூ ஹவர்ஸ்.” சிவசக்தி மடிக்கணினியிலிருந்து தலை நிமிரவில்லை.

இவளும் சேர்ந்து ஆபத்தை மறைக்கிறாள். குறை சொல்ல அவருக்கு வாயில்லை. இரண்டு வருடமாக அவரும் அவளிடம் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தார்.

காலையில் வந்த அன்ரனிற்றா பையைத் திறந்தாள். கூரான எஃகு முனை ஒன்று மின்னியது. அவள் நகக்கண்களில் கறுப்பு அப்பியிருந்தது. கையைக்கூடக் கழுவவில்லையே!

அவர் கண்களை இறுக மூடி, பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பிடித்தார்.

“சக்தி, இதைச் சொல்லாம நான் போயிடக் கூடாதும்மா. அம்மா தூக்கத்துல போயிட்டான்னு சொன்னேன்ல, அது பொய். நாலு நாள் உன் பேரைச் சொல்லிக்கிட்டே கெடந்தா. உன் வைவா கெட்டுடும்னு நான்தான் போன் பண்ணல.”

மகளின் கை அவர் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டது. கீழே ட்ராம் ஒன்று மணியடித்துப் போனது.

“ஐயா…” அன்ரனிற்றா பையிலிருந்து வெற்றுத் தாளையும் மைக்கூட்டையும் எடுத்துக் காட்டினாள். “நான் உங்கட படம்தானே கீற வந்தனான்.”