செவ்வாலனின் பேரன்

ஆற்றின் மேல்மடுக் கெண்டைகளுக்கு மூத்தவன் செவ்வாலன். "நம்ம ரத்தத்துல வேத்து ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலக்கல" என்று மீசையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். மடுவில் குஞ்சுகள்தான் வருஷாவருஷம் குறைந்துகொண்டே வந்தன.

மீன் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி வந்தாள். ஒவ்வொன்றின் துடுப்பிலும் துளி நறுக்கிக்கொண்டு போய் மரபணுவைப் பார்த்தாள். "அடப்பாவமே, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி நலிஞ்சுபோச்சுங்களே!" என்று, கீழ்மடுக் கெண்டைகளை வாளியில் கொண்டுவந்து விட்டாள்.

"கண்டதுங்களும் உள்ளே வரதா?" செவ்வாலன் பாறையிடுக்கில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மகனோ வந்தவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த மழைக்கு மடு கொள்ளாத குஞ்சுகள். அவை போட்ட ஆட்டத்தில் தண்ணீரே குலுங்கியது. ஒன்று செவ்வாலனின் மீசையை இழுத்துவிட்டு ஓடியது. அவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கீழ்மடுவிலிருந்து வந்த மருமகளைக் கூப்பிட்டான்.

"பாத்தியாம்மா என் பேரனை! வேத்து ரத்தம் கலக்காத வம்சம்னா சும்மாவா?"