மண்ணுக்குள் போன இரவல்

கோபன்ஹேகனில் எங்கள் யூத நூலகத்துக்கு அட்டவணை மென்பொருள் வாங்க, நானும் டோரிட்டும் இரண்டைச் சோதித்துக்கொண்டிருந்தோம். புத்தகம் எடுப்பவர்கள் பெருகாவிட்டால் நூலகத்தையே மூடிவிடுவதாக, அதை நடத்தும் சங்கம் சொல்லியிருந்தது.

முதலாவதில் குறை ஒன்றுமில்லை. இரண்டாவது, நைந்துபோனதால் எங்கள் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்ட பிரார்த்தனைப் புத்தகத்தை ‘இரவலில்’ என்று காட்டியது.

“நீதானே மண்ணு தள்ளின?” என்றேன்.

“தள்ளினேன். யாரோ படிக்கறாங்கல்ல, சந்தோஷப்படுடா. உசிரோட இருக்கறவங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல.”

திங்கட்கிழமை, திருப்பிப் போடும் பெட்டியில் அது கிடந்தது. கிழிந்த தாள்களை யாரோ சீராகத் தைத்திருந்தார்கள்.

“அந்த ரெண்டாவது மென்பொருளையே வாங்கிடலாம். மண்ணுக்குள்ள இருக்கறவங்க படிக்கற வரைக்கும் நம்மள மூட முடியாது,” என்றாள் டோரிட்.

புத்தகத்தை அலமாரிக்கு எடுத்துப் போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் திரை மறுபடியும் ‘இரவலில்’ என்றது. நிமிர்ந்து பார்த்தேன். வெறுங்கையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.