சோத்துக்கை

"ஆசிய விளையாட்டுப் போட்டியில போலோவயும் சேக்கணும்னு வேண்டிக்கோம்மா" என்று சிரித்துவிட்டுக் குதிரையேறியிருக்கிறாள் ஸ்நேஹா. சேர்க்கவே கூடாதென்று வேண்டியபடி, புனேயின் கட்கி போலோ மைதானத்தின் வேலிக்கம்பியை இறுகப் பற்றி நிற்கிறாள் சியாமளா. மட்டையை வலக்கையில்தான் பிடிக்க வேண்டும். இடக்கையில் பிடித்தால் எதிரே வரும் குதிரையோடு மோத நேரும். மகளோ இடக்கைக்காரி. மாலை வெயிலில் புழுதி செம்மஞ்சளாய்ச் சுழல்கிறது. அதற்குள்ளிருந்து முதலில் குளம்பொலி மட்டும் வருகிறது, பிறகு எதிரணியின் கறுப்புக் குதிரை. ஸ்நேஹாவின் மட்டை இரு கைகளுக்கும் நடுவே தயங்குகிறது. "சோத்துக்கைடி, சோத்துக்கை" என்று சியாமளா கத்துகிறாள். அவள் ஊரில் வலக்கைக்கு அதுதான் சொல். புனேயில் பிறந்த மகளுக்கு அதன் நேர்ப்பொருள் மட்டுமே தெரியும். அவள் சாப்பிடுவது இடக்கையால். "சரிம்மா" என்று தலையசைத்து, மட்டையை உறுதியாக இடக்கைக்கு மாற்றுகிறாள்.