அடியில நூல் கொசகொசன்னு சுத்திக்குதா?

“என் தலைப்புல யாரோ கை வெச்சிருக்காங்க சார்.”

மேனேஜர் நிமிர்வதற்குள் அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

தையல் மெஷின் கம்பெனி. அதன் இணையப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதுவது அவள் வேலை. நான்கு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். படிக்கத்தான் ஆளில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வாசிப்பு கூடாவிட்டால் கட்டுரைப் பகுதியை மூடிவிடுவது, அவளையும் அனுப்பிவிடுவது என்று போன கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

இந்த நேரத்தில் இது.

‘அடிநூல் சிக்கலுறுதலும் தீர்வுகளும்’ என்று அவள் வைத்திருந்த தலைப்பு, ‘அடியில நூல் கொசகொசன்னு சுத்திக்குதா?’ என்று மாறியிருந்தது. ‘இயந்திர இரைச்சல் மிகைப்பு’ இருந்த இடத்தில் ‘மெஷின் கடகடன்னு கத்துதா?’ இப்படி நாற்பது கட்டுரைகள். உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை.

“போறதுக்கு முன்னாடி என் பேரையும் கெடுத்து அனுப்பணும்னு செஞ்சிருக்காங்க சார்.”

யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பக்கத்தைத் திருத்த அவளைத் தவிர ஒருவருக்குத்தான் வழி இருந்தது. பழுது பற்றி வரும் போனை எடுக்கிற அக்கா. உதிரி பாகங்களின் விலையை மாற்றுவதற்காக அவரிடமும் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். போன மாதம் அந்த அக்கா ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கே, யாருக்குன்னுதான் தெரியல” என்று சொன்னது அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே வந்தார்.

“நான்தான் மாத்தினேன்” என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. “சொல்லாம செஞ்சது தப்புதான். சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே.”

பதினோரு வருடமாகப் போன் எடுப்பதாகவும், அடிநூல் சிக்கலுற்றுவிட்டது என்று இதுவரை ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை என்றும் மேனேஜரிடம் சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார்.

“பாதித் துணியில மெஷின் மக்கர் பண்றப்ப யாருக்கும்மா இலக்கணம் வரும்? வாயில வர்றதைத்தான் தேடுவாங்க. நீ பதிலை எழுதி வெச்சிருக்கே. அவங்க கேள்வியை மேலே போட்டேன், அவ்வளவுதான்.”

மேனேஜர் வாசித்தவர்களின் எண்ணிக்கையைத் திறந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. தலைப்பு மாறிய நாற்பது கட்டுரைகளையும் இந்த மூன்று வாரத்தில் முப்பத்தோராயிரம் பேர் படித்திருந்தார்கள். அத்தனையும் அவள் எப்போதோ எழுதிப்போட்டவை.

கட்டுரைப் பகுதியை மூட வேண்டியதில்லை, நீயும் இருக்கலாம் என்றார் மேனேஜர்.

அவள் அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனேஜர் இன்னும் முடிக்கவில்லை. இழுத்து இழுத்துச் சொன்னார். இதே மூன்று வாரத்தில் பழுது போன்கள் பாதியாகிவிட்டன. ஜனங்கள் படித்துவிட்டுத் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள். இனி போன் எடுக்க இரண்டு பேர் தேவையில்லை. இருக்கிற இருவரில் அக்காதான் நிரந்தரமில்லாமல் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்; அனுப்புவதானால் அவரைத்தான்.

“இப்படி ஆகும்னு நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க” என்றார் அக்காவிடம்.

“தெரியும் சார். தினமும் எத்தனை போன் வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கிறதே நான்தானே.”



“இன்னும் நூத்தி எழுபத்திரெண்டு கட்டுரை பாக்கி இருக்கு சார்” என்றாள் அவள். “எனக்கு அந்தப் பேச்சு வராது. அக்கா என் பக்கத்துல வேணும்.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் கட்டுரையைத் திறந்து கீழே போனாள். ‘எழுதியவர்’ என்ற இடத்தில் தன் பெயருக்கு முன்னால் கர்சரை வைத்தாள். அக்காவின் முழுப்பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுந்து போய் வருகைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வந்து அடித்தாள்.

பிறகு இரண்டாவது கட்டுரை. மூன்றாவது.

அக்கா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, போனில் யாருக்கோ ஊசியைத் திருப்பிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.